ஆறரை மணிக்குக் காத்தாடி

வளவுத் தூணருகே மாட்டியிருக்கும் சோலார் பெட்டியில், கூரைத் தகடுகள் தரும் மின்சாரத்தின் எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஐந்து மணிக்கு 0.9 கிலோவாட். ஐந்தே முக்காலுக்கு 0.2. ஆறரைக்குச் சுழியம்.

அப்பத்தா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். "சூரியன் போயிருச்சே, இப்ப காத்தாடி எதுல சுத்துது?"

நிலக்கரி, தண்ணீர், அணு, அப்புறம் கேஸ் என்றேன். "கேஸா? சிலிண்டரா?"

இல்லை. சிலிண்டரில் வருவது வேறு. இது பூமிக்கு அடியிலிருந்து வரும் இயற்கை எரிவாயு. நம் காரைக்குடிக்குத் தெற்கே, ராமநாதபுரத்துப் பக்கம் வழுதூரில் இதை எரித்தே மின்சாரம் எடுக்கிறார்கள். இரண்டு அலகுகள், 95, 92 மெகாவாட்.

கொடியடுப்பை வைத்துத்தான் அவருக்குப் புரியவைத்தேன். வாயு எரிந்து, மின்சாரம் எடுக்கச் சுழலும் சக்கரமான முதல் டர்பைனைச் சுழற்றும். வெளியேறும் சூட்டை விட்டுவிடாமல் அதிலேயே தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியில் இன்னொரு டர்பைன். ஒரே நெருப்பில் சோறும் வேகும், பக்கத்தில் வெந்நீரும் காயும். அப்பத்தாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

நிலக்கரிக் கொதிகலன் ஆறிவிட்டால் மறுபடி சூடேற மணிக்கணக்காகும். எரிவாயு டர்பைன் சில நிமிடங்களில் எழுந்துவிடும். அதே அளவு மின்சாரத்துக்குக் கரியமில வாயுவும் ஏறக்குறைய பாதிதான். ஆனால் இந்த வாயுவில் பெரும்பகுதி மீத்தேன்; குழாயில் கசிந்தால் அது பூமியைக் கரியமில வாயுவைவிட அதிகம் சூடாக்கி அந்த நன்மையைத் தின்றுவிடும். அதனால் பகல் முழுக்க இதை எரிக்க எனக்குச் சம்மதமில்லை.

கமுதியில் 648 மெகாவாட் சூரியத் தகடுகள் இருக்கின்றன. அங்கேயும் இதே நேரத்தில்தான் இருட்டுகிறது. பெரிய பேட்டரிகள் வந்து சேரும்வரை, இந்த ஆறரை மணிக்காக அந்த வாயுவைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்பத்தா எழுந்து போய், ஆளில்லாத பட்டாலையில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டு வந்தார்.