பனி சரியில்லை என்று சொன்னேன்

"பனி சரியில்லை, திரும்பிடலாம்" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். இதை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் பொய் என்று தள்ள முடியவில்லை. முழு உண்மை என்று ஏற்கவும் மனசு வரவில்லை.

வசந்தகாலத்தில் என்னைப் போல ஆட்களைப் பனிமலை உச்சிக்குக் கூட்டிப்போகிற கைடுகளுக்கு விளக்க வேண்டியதில்லை. இரவு வானம் தெளிவாக இருந்தால் பனி தன் வெப்பத்தை வெளியே விட்டு இறுகிக்கொள்ளும். விடியும்போது மேல்தோடு ஆளைத் தாங்கும். மேகம் மூடிய இரவென்றால் அந்த இறுக்கத்தை நம்ப முடியாது. அன்று பாதி மேகம், பாதி நட்சத்திரம். இரவு ஒரு மணிக்குக் கிளம்பியபோது பூட்ஸ் தடமே பதியவில்லை. ஏழு மணிக்கு, வெயில் பட்ட சரிவில், கணுக்கால் வரை இறங்கியது. கணுக்கால் பரவாயில்லை. முழங்கால் வரை புதைந்தால் ஈரப்பனி சரியக்கூடிய நேரம், அங்கே நிற்கவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு முழத்தைக் கணிக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

அந்த அம்மா என் ரோப்பில், அதாவது என்னோடு ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறுகிறவராக இருந்தார். ஐம்பதைக் கடந்தவர், முந்தைய நாட்களில் ஒரு குறையும் சொல்லாதவர். தலைவலி இல்லை, வாந்தி இல்லை. முந்தைய நாள் மாலை முகாமில் குதிகாலை விரல்நுனியோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னபோது எங்களில் யாரையும்விட நேராக நடந்தார். உயரம் அவரைத் தாக்கவில்லை என்று அடித்துச் சொல்வேன். ஆனால் 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். நோய் இல்லாதவரையும் அது உறிஞ்சிவிடும்.

பனி இளகினால், வழுக்காமல் இருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் கிராம்பானின் இரும்பு முள்ளுக்கு அடியில் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். முள் பனியில் இறங்காது, கால் வழுக்கும். நாலு எட்டுக்கு ஒருமுறை ஐஸ் ஆக்ஸ் என்கிற பனிக்கோடாரியின் பிடியால் பூட்ஸின் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். அவருக்கு அதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆறரை மணி வரை அந்தத் தட்டும் சத்தம் பின்னாலிருந்து தவறாமல் கேட்டது. அப்புறம் இடைவெளி விட்டுக் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு காலிலும் பனிக்கட்டி உருண்டையாக ஒட்டியிருக்க, அதன் மேலேயே நடந்து வந்துகொண்டிருந்தார். கண் நேராக இருந்தது, பேச்சும் தெளிவு. தட்ட மட்டும் தோன்றவில்லை.

கட்டி ஒட்டியது பனியின் நிலைமை. தட்டாமல் விட்டது அவருடைய நிலைமை. நான் முதலாவதைச் சொன்னேன், இரண்டாவதைப் பார்த்து முடிவெடுத்தேன்.

உச்சியை எட்டாவிட்டாலும் திரும்பிவிட வேண்டும் என்று வைத்திருந்த நேரம் பத்து மணி. 1996 மே 10 அன்று எவரெஸ்ட்டில் பிற்பகல் இரண்டு மணி தாண்டியும் சிலர் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்ததையும், அந்தப் புயலில் எட்டுப் பேர் இறந்ததையும் கேள்விப்படாத கைடு கிடையாது. அதனால்தான் கடிகாரத்தைக் காட்டித் திரும்புவது எங்களுக்குச் சுலபம், யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். ஏழு மணிக்குக் கடிகாரம் எனக்கு உதவவில்லை. அதனால் பனியைக் கூப்பிட்டேன்.

"நீங்கள் களைத்துவிட்டீர்கள் அம்மா" என்று அந்தச் சரிவில் சொல்லியிருந்தால்? "இல்லை தம்பி, முடியும்" என்றிருப்பார். நான் மறுக்க, அவர் கெஞ்ச, கால்மணி நேரம் போயிருக்கும். நின்ற இடத்தில் வியர்வை குளிரும். அதைவிட, இறங்க வேண்டிய காலில் அவமானமும் ஏறிக்கொள்ளும். களைத்தவர்கள் இறக்கத்தில்தான் தடுமாறுவார்கள். இந்தக் கணக்கு இன்றைக்கும் சரி என்றுதான் நினைக்கிறேன்.

பின்னால் இன்னொரு ரோப் இருந்தது என்பதுதான் சிக்கல். துணைக் கைடும் இரண்டு இளைஞர்களும். அவர்கள் நன்றாகவே வந்துகொண்டிருந்தார்கள். பனி சரியில்லை என்று சொன்னால் எல்லோருக்கும்தானே சரியில்லை? அவர்களும் திரும்பினார்கள். இரண்டு ரோப்பும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும், ஒன்றுக்கு ஏதாவது ஆனால் மற்றது கைகொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. அந்த அம்மாவின் பெயரைச் சொல்லியிருந்தாலும் அவர்கள் திரும்பித்தான் ஆகணும். அப்போது அந்த இரண்டு பேரும் இறங்கும் வழியெல்லாம் அவரைப் பார்த்திருப்பார்கள். பனியை யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை.

முகாமில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வேறொரு குழு உச்சியிலிருந்து இறங்கி வந்தது. எங்களுக்கு முன்னால் போனவர்கள், சிரித்துக்கொண்டே வந்தார்கள். அந்த அம்மா அவர்களைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பனி சரியில்லைன்னு சொன்னீங்களே தம்பி?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். "அவங்க நமக்கு ஒரு மணி நேரம் முன்னாடி தாண்டிட்டாங்க அம்மா, அப்போ இறுக்கமா இருந்திருக்கும்" என்றேன். இதுவும் உண்மைதான். அவர் தலையாட்டினார். துணைக் கைடு மட்டும் இரவில் கூடாரத்துக்கு வந்து, "தாங்கியிருக்கும்ல அண்ணே?" என்றான். "ஏறும்போது தாங்கியிருக்கும். இறங்கும்போது தெரியாது" என்றேன். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

புதிதாக வரும் கைடுகளிடம், ஆளுக்காகத் திரும்பினால் ஆளிடமே சொல்லுங்கள், முகாமுக்கு வந்த பிறகாவது சொல்லுங்கள் என்கிறேன். சொல்லாவிட்டால் அவர்கள் தங்கள் உடம்பைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ளாமலே வீடு திரும்புவார்கள். நல்ல அறிவுரைதான். கடந்த சீசனிலும் ஒருவரை மேகத்தைக் காட்டித்தான் இறக்கினேன். மேகம் இருந்தது. அவர் நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்தார்.

அந்த அம்மா சமீபத்தில் செய்தி அனுப்பியிருந்தார். மறுபடி வருகிறாராம், பணம்கூடச் சேர்த்துவிட்டாராம். கேள்வி ஒன்றுதான்: "எந்த வாரம் பனி நல்லா இருக்கும் தம்பி?"

எனக்குத் தெரிந்த தேதிகளைச் சொன்னேன். முதுகில் சுமையோடு படியேறும் பயிற்சி அட்டவணை ஒன்றையும் சேர்த்து அனுப்பி, எல்லோருக்கும் அனுப்புவதுதான் என்று எழுதினேன். கிளம்புவதற்கு முன் அவரிடம் பேசிவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். பேசினால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அதற்குத்தான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.