ஸ்டிஃப் மச்சான்

கோல்ஃப் மட்டை வாங்கும்போது எல்லோரும் தலையைத்தான் பார்ப்பார்கள். தட்டிப் பார்ப்பார்கள், தடவிப் பார்ப்பார்கள். நடுவில் இருக்கிற ஷாஃப்டை, அதாவது தண்டை, யாரும் கண்டுகொள்வதில்லை, அதில் பொடியாக அச்சடித்திருக்கும் ஓர் எழுத்தைத் தவிர. எக்ஸ் என்றால் விறைப்பின் உச்சம். அடுத்தது எஸ், அதாவது ஸ்டிஃப். அப்புறம் ஆர், ஏ, எல் என்று வளைவு கூடிக்கொண்டே போகும். ஏ பெரும்பாலும் சீனியர்களுக்கு.

என் மனைவியின் அண்ணன் பையில் இருப்பது அத்தனையும் எஸ். "ஏ எல்லாம் பென்ஷன் வாங்குறவங்களுக்கு மாப்ள" என்பார். அவர் பென்ஷன் வாங்க ஆரம்பித்து வெகுநாளாகிறது.

தூரமாக அடிப்பதற்கான டிரைவர் மட்டையை எடுத்தால் பந்து தாழப் பறந்து வலது பக்கம் ஒதுங்கிவிடும். வலக்கை ஆட்டக்காரருக்கு ஷாஃப்ட் அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். மச்சான் காற்றைத் திட்டுவார். காற்று எதிர்த்திசையில் அடிக்கும் நாட்களிலும் திட்டுவார்.

எனக்கு ஷாஃப்ட் பார்க்க வேண்டும், துணைக்கு வாங்க என்று அழைத்துப் போனேன். ஆளுக்கேற்ற மட்டையைப் பொருத்தித் தரும் ஃபிட்டிங் வேலை செய்கிற பெண் அவரையும் ஓர் அடி அடிக்கச் சொன்னார். பந்துக்குப் பின்னால் இருந்த ரேடார் கருவி, ஸ்விங் வேகம் மணிக்கு 79 மைல் என்றது. "மெஷின் இன்னும் சூடாகலையோ?" என்றார் மச்சான். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வீசினார். 81. பந்து திரையை விட்டே வெளியேறியிருந்தது.

டிரைவர் வேகம் 85-லிருந்து 95 வரை இருந்தால் சுமாராக ஆர், அதற்கு மேல் எஸ், கீழே ஏ என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார். வேகம் மட்டும் போதாதாம். மேலிருந்து மட்டையை வெடுக்கென்று இழுப்பவருக்குக் கொஞ்சம் விறைப்பு வேண்டும், நிதானமாக இறக்குபவருக்கு வளைவு ஒத்துவரும். எடையும் முக்கியம், மச்சானுடையது 70 கிராம் ரகம், 50 கிராமிலேயே நல்ல ஷாஃப்ட் இருக்கிறது. போதாக்குறைக்கு இந்த எழுத்துகளுக்குப் பொது அளவுகோலே கிடையாது, ஒரு கம்பெனியின் ஆர் இன்னொரு கம்பெனியின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம்.

(1929-ல் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ‘ஆர் அண்ட் ஏ’ அமைப்பு எஃகு ஷாஃப்டை அனுமதிக்கும் வரை பிரிட்டனில் ஹிக்கரி மரத்தண்டில்தான் ஆடினார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும், எழுத்துத் தொல்லை கிடையாது. மச்சான் அப்போது பிறந்திருக்க வேண்டியவர்.)

பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் அந்தப் பெண் ஒரு டேப்பை எடுத்து எல்லா ஷாஃப்டிலும் எழுத்தை மறைத்துவிட்டு ஒவ்வொன்றாக நீட்டினார். மச்சான் முகம் சுளித்தபடியே அடித்துக்கொண்டு வந்தார். ஒன்றில் மட்டும் பந்து ஜம்மென்று எழும்பி, நூல் பிடித்த மாதிரி நேராகப் போய் விழுந்தது.

"இது எஸ்! கையில வாங்கும்போதே தெரிஞ்சுது."

டேப்பை உரித்தார்கள். ஏ. 50 கிராம்.

மச்சான் அதையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "கம்பெனிக்குக் கம்பெனி மாறும்னு இவங்களே சொன்னாங்கல்ல மாப்ள? இது மத்த கம்பெனியில எஸ்ஸா இருக்கும்" என்றார். நான் பந்து பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

பணம் கட்டும்போது குரலைத் தாழ்த்தி, "எழுத்து தெரியாம மாட்ட முடியுமாம்மா?" என்று கேட்டார். அவர் சிரிக்கவே இல்லை. "நிறையப் பேர் கேப்பாங்க சார். அடிப்பக்கமாத் திருப்பி மாட்டித் தரேன்."

அதன் பிறகு மச்சானின் பந்து நேராகப் போனது, பேச்சும் கூடிப்போனது. ஆசை யாரை விட்டது? பந்து இன்னும் கொஞ்சம் உயரட்டும் என்று, மட்டை முகத்தின் சாய்வான லாஃப்டை மாற்ற, சாவி போட்டு ஷாஃப்ட் முனையைத் தலையோடு இணைக்கும் ஸ்லீவ் என்கிற உறையைத் திருப்பி வைத்தார். ஸ்லீவோடு ஷாஃப்டும் சேர்ந்து திரும்பும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஆட்டம் தொடங்கும் இடமான முதல் டீயில் மட்டையை ஊன்றி நின்றார். எழுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூட ஆடவந்தவர் எட்டிப் பார்த்து, "என்ன சார், ஏ-வா?" என்றார்.

மச்சான் அசரவே இல்லை.

"நம்ம மாப்பிள்ளையோடது. சும்மா அடிச்சுப் பாக்கறேன்."