கியர் பெட்டியும் 555 புத்தகமும்

4 மார்ச் 2023, சனி

அப்பாவை ஈப்போவில் பிசியோவுக்குக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பும் வழியில் வேன் குலுங்கியது. செமோர் சாலை விளக்கில் நின்று புறப்பட்ட நேரம். வேகம் முப்பதைக்கூடத் தொடவில்லை. செம்மண் ரோட்டில் சைக்கிள் மிதித்தால் கைப்பிடி எப்படி நடுங்குமோ அப்படி ஸ்டியரிங் நடுங்கியது. நாற்பதைத் தாண்டியதும் நின்றுவிட்டது. பின்னால் அம்மா நல்ல தூக்கம். முன் சீட்டில் இருந்த அப்பாதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச்சு வராது. "எழுதி வை" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு 555 புத்தகம் எடுத்தேன். இங்கே மலேசியாவில் மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, சட்டைப் பைக்குள் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகம். தேதி, மீட்டர் 88,412, இடம், வேகம், எவ்வளவு நேரம் ஓட்டிய பிறகு குலுங்கியது, எல்லாவற்றையும் எழுதினேன்.

அப்பா தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய காலத்தில் ஸ்டோரில் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பாலை எடை போட்டதும் அதே எடையைத் தன் புத்தகத்திலும் குறித்துக்கொள்வார். எடை மட்டும் போதாது. மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டு அது காட்டும் கணக்கை வைத்துத்தான் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று கூலி போடுவார்கள். அந்த எண்ணையும் குறிப்பார். மாசக் கடைசியில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் வித்தியாசம் வந்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆபீஸ் படியேறிவிடுவார்.

7 மார்ச், செவ்வாய்

சேவை மையத்துக்குப் போனேன். எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அரை நாள் லீவு. ஒரு மணி நேரம் உட்கார வைத்த பிறகு, ஆறிப்போன வண்டியை எடுத்துக்கொண்டு பையன் ஒருவன் தாமானை (குடியிருப்புப் பகுதியை) ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "பியாசா, காக். இந்த மாதிரி கியர் இப்படித்தான்" என்றான். சாதாரணம்தானாம், அக்கா. ஜாப் ஷீட்டைப் பார்த்தேன். 'வண்டியைச் சோதிக்க' என்று மட்டும் எழுதியிருந்தது. குலுக்கல் என்ற சொல்லே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். போட்டிருக்கக் கூடாது.

9 மார்ச், வியாழன்

ஜொகூர் பாருவிலிருந்து தம்பி போன் பண்ணினான். அவன் சிங்கப்பூரில் இயந்திரப் பராமரிப்பு வேலை செய்கிறான். நம் வேனில் இருப்பது சிவிடி கியர்பாக்ஸ் என்று பொறுமையாக விளக்கினான். பழைய கியர் பெட்டி மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறுகிற பல்சக்கரங்கள் அதில் இல்லை. கூம்பு மாதிரி சரிந்த தட்டுகள் இரண்டு ஜோடி, அவற்றுக்கு நடுவே எஃகு பெல்ட். தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்புக்கு ஏறும், விலகினால் உள்ளே இறங்கும், கியர் மாறுவது அப்படித்தான். தட்டை நெருக்கிப் பிடிப்பது ஆயில் அழுத்தம். அழுத்தம் குறைந்தால் பெல்ட் வழுக்கும். வழுக்கினால் தட்டில் கீறல் விழும், இரும்புத் தூள் ஆயிலில் கலக்கும், அந்தத் தூள் ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியின் சின்னத் துவாரங்களில் போய்ச் சிக்கும், அழுத்தம் இன்னும் குறையும். "விட்டு வைக்க வைக்க முத்திப்போகும்க்கா."

இன்னொன்றும் சொன்னான். ஆயில் சூடேறினால் நீர்த்துப்போகும், கோளாறு அப்போதுதான் வெளியே தெரியும். ஆறிய வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. செவ்வாய்க்கிழமை அவர்கள் செய்தது அதைத்தான்.

18 மார்ச், சனி

தைப்பிங்கில் கல்யாணம். ஈப்போவில் அக்காவை ஏற்றிக்கொண்டு ஜெலாப்பாங் வழியாக ஹைவேயில் ஏறினோம். மெனோரா சுரங்கத்துக்கு முன்னால் உள்ள மேடு எல்லாருக்கும் தெரியும், லோரிகள் மூச்சிரைத்துக்கொண்டு இடப்பக்கம் ஊர்ந்து போகும். பாதி மேட்டில் எஞ்சின் இரைச்சல் கூடியது. எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள் 4,000-த்தைத் தாண்டுகிறது, வண்டியோ தொண்ணூறிலிருந்து எழுபது, அறுபது என்று இறங்குகிறது. மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் வருகிறது. மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால் பெரிய லோரியின் ஹார்ன். அம்மா "முருகா, முருகா" என்கிறார். ஆபத்து விளக்கைப் போட்டு ஓரம் கட்டினேன். கை நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆனது.

ஹைவே ரோந்து வண்டிக்காரர்கள் வந்து கூம்பு வைத்து நின்றார்கள். அப்பாவை அந்த வெயிலில் வேனிலிருந்து இறக்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் போகவில்லை. வேன் இழுவை லோரியில் சேவை மையத்துக்குப் போனது.

எழுதினேன்: மீட்டர் 88,937, மெனோரா மேடு, ஏர்கோண் போட்டிருந்தது, ஆறு பேர்.

21 மார்ச், செவ்வாய்

இந்த முறை கணினியில் கோட் பதிவாகியிருந்தது: பி0868, கியர் ஆயிலின் அழுத்தம் குறைவு. தம்பி வாய்வார்த்தையாகச் சொன்னது இப்போது திரையில். மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகிவிடும் என்றார்கள். கூடவே, "அறுபதாயிரம் கிலோமீட்டரில் கியர் ஆயில் மாற்றியிருக்க வேண்டும், மாற்றாததால்தான் இப்படி. ஆயிலுக்கு நீங்கள்தான் பணம் கட்டணும்" என்றார் அட்வைசர்.

நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து பிஸ்கட் டின்னைக் கொட்டினேன். நான்கு வருட ரசீதுகள். எழுத்து மங்கிப்போன ஒரு ரசீது கிடைத்தது: 60,180 கிலோமீட்டர், சிவிடி ஆயில் மாற்றம், அதே மையத்தின் முத்திரை. வெப்பத்தாளில் அச்சான ரசீது போகப் போக வெளுத்துவிடும், அதனால் உடனே நகல் எடுத்தேன். நீங்களும் எடுத்து வையுங்கள்.

மறுநாள் நகலைக் காட்டினேன். அதற்குப் பிறகு ஆயில் பேச்சே இல்லை.

3 ஏப்ரல், திங்கள்

மென்பொருள் பத்து நாள் தாங்கியது. மறுபடி குலுக்கல். இன்று ஒரு காரியம் செய்தேன்: "வண்டி நல்லா சூடான பிறகு நான் ஓட்டுகிறேன், நீங்க பக்கத்தில் உட்காருங்க" என்றேன். அட்வைசர் முதலில் தயங்கினார். முப்பது நிமிடம் ஓட்டி, சாலை விளக்கில் நிறுத்தி, மெதுவாக மிதித்தேன். அவர் கையில் இருந்த பேனா நடுங்கியது. "ஆடா, காக்" என்றார். இருக்கிறதாம். இந்த ஒரு சொல்லுக்கு ஒரு மாதம்.

ஜாப் ஷீட்டில் என் சொற்களையே எழுத வைத்தேன்: சூடான பிறகு, 20 முதல் 40 வேகத்துக்குள், குலுக்கல், உடன் இருந்தவர் உறுதி செய்தார். வாரண்டியில் வால்வ் பாடி மாற்ற ஒப்புதல் கேட்டு அனுப்புகிறார்களாம். பாகம் வர மூன்று வாரம். மாற்று வண்டி கிடையாது.

14 ஏப்ரல், வெள்ளி

சித்திரை ஒன்று. வேன் இல்லை. கோயிலுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் காடியில் (காரில்) போனோம், அப்பாவின் சக்கர நாற்காலி அதில் ஏறவில்லை. பிசியோவுக்கு வாரம் இரண்டு முறை வாடகைக் காடி, போக வர எழுபது வெள்ளி (ரிங்கிட்). இதுவரை 280. இதையும் 555-இல் எழுதுகிறேன்.

பட்டணத்துச் சீனப் போமேனிடம் (மெக்கானிக்கிடம்) கேட்டுப் பார்த்தேன். இருபது வருடமாக எங்கள் வண்டிகளைப் பார்த்தவர். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "வாரண்டி இருக்கும்போது நான் தொட்டா அவன் என்னைக் காட்டி உன்னைத் தள்ளிடுவான். வாரண்டி முடியட்டும், அப்புறம் வா" என்றார். வருகிற வருமானத்தை வேண்டாம் என்று சொல்லும் மனுஷன்.

27 ஏப்ரல், வியாழன்

நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து வால்வ் பாடி மாற்றினார்கள். வேன் வீட்டில். அப்பாவுக்குச் சந்தோஷம்.

6 மே, சனி

ஒன்பது நாள். அதே செமோர் விளக்கு, அதே குலுக்கல், இப்போது சீழ்க்கை மாதிரி ஒரு முனகலும் சேர்ந்துகொண்டது. மீட்டர் 89,344.

9 மே, செவ்வாய்

இன்று புது அட்வைசர். முன்பு இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், அதனால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கேட்டு முடித்துவிட்டு, "இத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கே, ஸ்கூல் வேன் ஓட்டுறீங்களா?" என்றார். வாடகைக்கு ஓட்டினால் வாரண்டி செல்லாது, அதுதான் கேள்வியின் உள்நோக்கம். பின்னால் இருந்த சக்கர நாற்காலியைக் காட்டினேன். வாரண்டியில் மறுத்தால் கியர் பெட்டி மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். பதினாறாயிரம் வெள்ளி. இரும்புக் கடையில் கணக்கு எழுதி மாசம் இரண்டாயிரத்துச் சொச்சம் வாங்குகிற எனக்கு அது எத்தனை மாசம் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி தம்பியிடம் பேசினேன். சிங்கப்பூரில் 2012-இலிருந்து லெமன் சட்டம் இருக்கிறது, வாங்கிய பொருளில் கோளாறு இருந்தால் கடைக்காரர் சரி செய்யவோ மாற்றித் தரவோ வேண்டும் என்றான். நம் நாட்டில் அந்தப் பெயரில் தனிச் சட்டம் இல்லை. ஆனால் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தமிழ் வெளியீட்டை அம்மா ஒரு காலத்தில் விடாமல் வாங்குவார், அந்த ஞாபகத்தில் சட்டத்தைத் தேடி எடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை படித்தேன்.

பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது 32-ஆவது பிரிவு. 41-ஆவது பிரிவுதான் எனக்கு வேண்டியது: சரி செய்யக்கூடிய கோளாறு என்றால் நியாயமான காலத்துக்குள் விற்றவர் சரி செய்து தர வேண்டும். செய்யத் தவறினால் நான் வேறிடத்தில் சரி செய்து அந்தச் செலவைக் கேட்கலாம், இல்லாவிட்டால் பொருளையே திருப்பிக் கொடுக்கலாம். கேட்டுப் போகும் இடம் பயனீட்டாளர் நடுவர் மன்றம். மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி. வக்கீல் தேவையில்லை. முன்பு 25,000 வெள்ளி வரைதான் கேட்க முடியும், 2019-இல் அதை 50,000 ஆக்கியிருக்கிறார்கள். ஈப்போவிலேயே மனுக் கொடுக்கலாம். இத்தனை வருடம் இது தெரியாமல் இருந்திருக்கிறேன். கடையில் தினமும் வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கிறவள்.

10 மே, புதன்

கடிதம் எழுதினேன். கோபத்தை ஒரு வரிகூட எழுதவில்லை. 555 புத்தகத்தில் இருந்ததை அப்படியே வரிசையாகத் தட்டச்சு செய்தேன்: நான்கு முறை கொண்டு வந்தது, ஒவ்வொரு முறையும் மீட்டர் எண், என்ன செய்தார்கள், எத்தனை நாள் தாங்கியது, வண்டி அவர்களிடம் இருந்த நாட்கள், வாடகைக் காடிச் செலவு 420. கோட் எண், ஆயில் ரசீது நகல், ஜாப் ஷீட் நகல்கள். பதினான்கு நாளில் தீர்வு இல்லையென்றால் நடுவர் மன்றத்தில் படிவம் 1 கொடுப்பேன் என்று முடித்தேன். மையத்துக்கு ஒன்று, தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒன்று. தபால் ரசீதும் பிஸ்கட் டின்னுக்குள் போனது.

19 மே, வெள்ளி

தலைமையகத்திலிருந்து போன். வாரண்டியிலேயே கியர் பெட்டியை முழுதாக மாற்றித் தருகிறார்களாம். "போனில் சொன்னதை மின்னஞ்சலில் அனுப்புங்க" என்றேன். சாயங்காலம் வந்துவிட்டது. அப்பாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

24 ஜூன், சனி

பாகம் வர ஒரு மாதம். நேற்றுதான் வேன் கைக்கு வந்தது. இன்று காலையில் பசியாறிவிட்டு, அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்து, ஈப்போ போய் ஜெலாப்பாங்கில் ஏறினேன், வேண்டுமென்றேதான். ஏர்கோண் போட்டபடியே மேடு ஏறினோம். எண்பதை விடாமல் பிடித்துக்கொண்டது. முள் மூவாயிரத்துக்குக் கீழேயே நின்றது. அப்பா ரோட்டைப் பார்க்கவே இல்லை, கண் முழுக்க அந்த முள்ளில். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் "சரி" என்றார்.

கோலகங்சாரில் இறங்கித் தே குடித்துவிட்டுப் பழைய சாலையில் வீடு வந்தோம். மீட்டர் 89,710. குலுக்கல் இல்லை, முனகல் இல்லை.

வண்டியின் வாரண்டி அடுத்த ஆண்டு ஆகஸ்டில் முடிகிறது. புதுக் கியர் பெட்டிக்குத் தனியாக எத்தனை மாதம் என்று கேட்டேன். "மிச்சம் இருக்கிற காலம்தான்" என்று வாயால் சொல்கிறார்கள், எழுத்தில் தரவில்லை. வாடகைக் காடிப் பணத்துக்கும் பதில் இல்லை. அது 980 வெள்ளி ஆகிவிட்டது. படிவம் 1-ஐப் பூர்த்தி செய்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை இரண்டையும் கேட்டு ஒரு மின்னஞ்சல், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் ஐந்து வெள்ளியை எடுத்துக்கொண்டு ஈப்போ போகிறேன்.