கூரையில் சோலார், பேட்டரிக்கு ஒன்பது மாதம்

2025 ஜூலையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் தாமான் (குடியிருப்பு) முழுக்கக் கரண்டு போனது. பக்கத்துச் சாலையில் மரம் விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். எங்கள் கூரையில் 9 சோலார் பலகைகள் இருந்தன, மொத்தம் 5 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஆனாலும் மின்விசிறி நின்றது, ஐஸ்பெட்டி நின்றது, அம்மாவின் ஆக்சிஜன் மிஷின் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. மனைவி ஓடிப்போய்ச் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றிவிட்டார். மூச்சு சீரான பிறகு அம்மா கேட்டார்: "கூரை மேல இவ்வளவு வெயில் அடிக்குதே, ஏம்ப்பா கரண்டு இல்ல?"

இதே கேள்வியைச் சோலார் போட்ட பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்றதும், பலகையின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சாதாரண இன்வெர்ட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் நம் கூரை மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய், அங்கே பழுதுபார்க்கும் ஆளைத் தாக்கும். அதனால் பேட்டரியும், அதற்கென்று தனியாக இழுத்த வயரிங்கும் இல்லாத வீட்டில், கரண்டு போனால் சோலாரும் போய்விடும்.

எனக்கு இது முன்பே தெரியும். அதனால்தான் மே மாதம் ஒப்பந்தம் போடும்போதே பேட்டரியும் வேண்டும் என்று கேட்டிருந்தேன். அம்மாவின் மிஷின் நிமிடத்துக்கு 5 லிட்டர் தருவது, கிட்டத்தட்ட 350 வாட் இழுக்கும். இரவு பத்து மணி நேரம் ஓடினால் மூன்றரை யூனிட். ஒரு மின்விசிறி, ஐஸ்பெட்டி, இரண்டு விளக்கு சேர்த்தால் ஐந்து யூனிட்டுக்குள் அடங்கிவிடும். 10 யூனிட் கொள்ளும் பேட்டரி போதும் என்று முடிவு செய்தோம். விலை ஏறக்குறைய 15,000 வெள்ளி (ரிங்கிட்).

பணக் கணக்கு பார்த்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பேட்டரி அவசியமே இல்லை. நாங்கள் சேர்ந்த நெம் 3.0 என்ற அரசாங்கச் சோலார் திட்டத்தில் பகலில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பில்லில் ஒரு யூனிட் கழித்துவிடுகிறார்கள், பத்து ஆண்டுகளுக்கு. தெருக் கம்பியே நமக்குப் பேட்டரி மாதிரி. அதற்குப் பின் 2026 ஜனவரியில் தொடங்கிய சோலார் அடாப் திட்டத்தில் நிலைமை வேறு. அந்த மாதத்தில் கழிக்காமல் மிஞ்சிய தொகை அடுத்த மாதத்துக்கு வராது. அதில் சேருகிறவர்களுக்குப் பேட்டரி கணக்கு ஓரளவு ஒத்துவரலாம். நாங்கள் வாங்கியது அம்மாவின் மூச்சுக்காக மட்டும்.

"மூணு வாரம்தான் அண்ணே. பேனல் ஏத்தின கையோட பேட்டரியும் வந்துடும்," என்றார் விற்பனைக்கு வந்த தம்பி. நெம் 3.0 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிகிறது என்பதால் அப்போது எல்லோரும் அவசரப்பட்டார்கள். நானும்தான். பேட்டரிக்கான தொகையில் பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டேன். அதை இரண்டாகப் பிரித்து, பொருள் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் பெரிய பங்கு என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். பணம் கைக்கு வந்ததும் நிறுவனம் புதுக் கூரைகளைத் தேடிப் போய்விட்டது. என் பேட்டரியைத் துரத்த ஆள் இல்லை.

பலகைகள் மே கடைசியில் ஏறின. இருவழி மீட்டரும் வந்தது. பேட்டரி மட்டும் வரவில்லை. ஆகஸ்டில் "கப்பலில் இருக்கிறது" என்றார்கள். செப்டம்பரில் தீபாவளிக்கு முன்னால் கண்டிப்பாக என்றார்கள். அக்டோபர் 20 தீபாவளி வந்தது, போனது. அந்த மாதங்களில்தான் இங்கே சாயங்கால இடி மழை அதிகம். வானம் கறுத்தால் மனைவி முதலில் சிலிண்டரின் அளவு முள்ளைப் பார்ப்பார், பிறகுதான் கொடித் துணியை எடுப்பார். எனக்கு இரவுத் தூக்கமே போய்விட்டது. மிஷினின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

டிசம்பரில் ஒரு திருப்பம். நான் கேட்ட பேட்டரி இப்போதைக்கு வராது, கையிருப்பில் வேறு பிராண்ட் இருக்கிறது, நாளைக்கே மாட்டலாம் என்றார்கள். ஏழு மாதம் காத்திருந்தவனுக்கு அது எவ்வளவு ஆசையாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் பேட்டரிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையும் இன்வெர்ட்டரும் ஒன்றோடொன்று பேச வேண்டும். எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, எப்போது நிறுத்த வேண்டும், சூடு எவ்வளவு என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் போகிறது. இன்வெர்ட்டர் தயாரிப்பாளர் எந்தெந்தப் பேட்டரி ஒத்துப்போகும் என்று பட்டியல் வெளியிடுவார். அதை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் சொன்ன மாடல் அதில் இல்லை. வேண்டாம் என்று எழுத்தில் சொன்னேன். உயிரோடு சம்பந்தப்பட்ட மிஷினுக்கு "எப்படியும் ஓடும்" என்ற பதில் போதாது.

தைப்பூசம் பிப்ரவரி 1, சீனப் புத்தாண்டு 17. இரண்டுக்கும் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான்கு பேர் சேர்ந்து பேட்டரியைத் தூக்கி வந்தார்கள். நூறு கிலோவுக்கு மேல் கனம். கார் போர்ச்சில் வைக்கலாம் என்றார்கள். அது மேற்கு பார்த்த சுவர், சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் கை வைக்க முடியாது. இந்தப் பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, மற்ற லித்தியம் வகைகளைவிடப் பாதுகாப்பானதுதான். ஆனால் தினமும் வெயிலில் வெந்தால் ஆயுள் குறையும். கடைசியில் பின்பக்கம், நிழல் விழும் சுவரை முடிவு செய்தோம். அதிலும் நான் ஒன்றில் பிடிவாதமாக இருந்தேன். 2017 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அந்தக் கறை இன்னும் பின்சுவரில் மங்கலாகத் தெரியும். அதற்கு மேலே இரும்புத் தாங்கி அடித்துத்தான் பேட்டரியை ஏற்ற வேண்டும் என்றேன். முனகினார்கள், ஆனால் செய்தார்கள்.

மாட்டி முடித்து, மெயின் சுவிட்சை அணைத்துச் சோதித்தார்கள். நடுக்கூடத்தில் விளக்கு எரிந்தது. ஐஸ்பெட்டி ஓடியது. எல்லோரும் சிரித்தோம். உள்ளேயிருந்து பீப் பீப்.

அம்மாவின் அறை மட்டும் இருட்டு.

அந்த அறை நாங்கள் 2009-இல் சமையலறைக்குப் பக்கத்தில் இழுத்துக் கட்டியது. அதன் பிளக்குகளைச் சமையலறை லைனிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கெட்டில், சோறு வேகவைக்கும் குக்கர், துணி துவைக்கும் மிஷின் எல்லாம் அதே லைனில். அதைப் பேட்டரிப் பக்கம் மாற்றினால், கரண்டு போன நேரத்தில் யாராவது கெட்டிலைப் போட்டாலே பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். மாற்றாவிட்டால் அம்மாவின் மிஷின் ஓடாது. இத்தனை மாதத்தில் ஒருவர்கூட வந்து எந்தப் பிளக் எந்த சுவிட்சில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

வயர்மேன் அண்ணன், வயதானவர், மெதுவாகச் சொன்னார்: "இதுக்குத் தனி கேபிள் இழுக்கணும் தம்பி. அம்மா ரூமுக்கு மட்டும். அரை நாள் வேலை." அந்த அரை நாள் வேலைக்குச் சீனப் புத்தாண்டு முடியும்வரை இன்னும் பத்து நாள் ஆனது.

இப்போது காத்திருக்கிற யாராவது இதைப் படித்தால், அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிபி பெட்டியில் (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டி) ஒவ்வொரு சுவிட்சாக இறக்கி, வீட்டில் எது எது அணைகிறது என்று எழுதிவையுங்கள். கரண்டு இல்லாதபோது எது கட்டாயம் ஓட வேண்டும், எது வேண்டாம் என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். குளியலறை வாட்டர் ஹீட்டர் ஒன்றே 3,600 வாட் இழுக்கும். அதைப் பேட்டரி லைனில் சேர்க்கவே கூடாது. ஏர்கான் வேண்டுமா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேசினோம். வேண்டாம் என்று முதலில் சொன்னது அம்மா.

பேட்டரியின் செயலியில் எவ்வளவு சார்ஜை எப்போதும் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. அதை 20 சதவீதத்தில் விட்டுப் போயிருந்தார்கள். அது பில் மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு. நான் 70-க்கு ஏற்றிவைத்தேன். மேகமூட்டமான நாளிலும் ஒரு முழு இரவு அம்மாவுக்குத் தாங்கும்.

மார்ச் இரண்டாவது வாரம் இரவு ஒன்பதே முக்காலுக்குப் பெரிய இடி. தெரு விளக்குகள் போயின. நான் பழக்கத்தில் சிலிண்டரை நோக்கி ஓடினேன். அறையில் மிஷின் அதே சீரான சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றியது. அம்மா நல்ல தூக்கத்தில் இருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கைப்பேசியில் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்: 94, 93, 92. பதினொன்றரைக்குத் தெரு விளக்கு வந்தபோது 88.

சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது கதவுக்குப் பின்னால் அங்கேயே நிற்கிறது, மனைவி வாராவாரம் முள்ளைப் பார்க்கிறார்.