ஐந்தாம் வகுப்பு முடிகிற பிள்ளை வீட்டில் இருந்தால்

ஆண்டுத் தேர்வு அட்டவணையும் லீவு விடுகிற தேதியும் டைரியில் ஒட்டி வீட்டுக்கு வந்துவிடும். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. பெரிய வெள்ளிக்கு அரசு விடுமுறை உண்டு, பெரிய வியாழனுக்குக் கிடையாது. பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கு சாயங்காலப் பூசையில்தான், பகலில் பள்ளிக்கூடம் இருந்தால் பிள்ளையை அனுப்பிவிடுங்கள். மார்க்கை நினைத்தும் தூக்கம் கெட வேண்டாம், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. ஜூன் மாதம் ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்குப் போய் வரிசையில் நின்று திரும்பி வருகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை, பிள்ளையின் பேர் தாளுக்குத் தாள் மாறியிருப்பதில் இருக்கும்.

நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இது வழக்கமாக இப்படித்தான் நடக்கிறது. தலைப்பிரசவம் அம்மா ஊரில். ஆஸ்பத்திரியில் பதிந்த பிறப்புச் சான்றிதழில் பேர் இருக்காது, 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். ஞானஸ்நானம் அதே ஊர்க் கோயிலில். அங்கே தாத்தா பேரான சவரிமுத்து. வீட்டில் கூப்பிடுவது ராஜா. ஆதார் எடுக்கும்போது பக்கத்தில் நின்றவர் சொன்ன பேர் சேவியர் ராஜா. பள்ளியில் சேர்த்தபோது ஆதாரைப் பார்த்து எழுதினார்களா, ஞானஸ்நானச் சான்றைப் பார்த்து எழுதினார்களா என்பது அன்றைக்கு எந்தத் தாள் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. ஆங்கில எழுத்து இன்னும் மோசம். அந்தோணிக்கு ஒருவர் 'எச்' போடுவார், ஒருவர் போடமாட்டார். சேவியர் 'எக்ஸ்'-இல் தொடங்குமா 'எஸ்'-இல் தொடங்குமா என்பதில் அண்ணனுக்கும் தம்பிக்குமே ஒத்துப்போகாத வீடுகள் உண்டு.

திருத்துவதற்கு ஒரு வரிசை இருக்கிறது, அதை மாற்றிச் செய்தால் இரண்டு தடவை அலைய வேண்டும். முதலில் பிறப்புச் சான்றிதழ். பேர் இல்லாமல் இருந்தால், பதிந்த ஓராண்டுக்குள் கட்டணமில்லாமலும், அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் பேர் சேர்க்கலாம். பிறப்பு எங்கே பதிவானதோ அங்கேதான் நடக்கும்: பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்கு நீங்கள் குடியிருக்கிற ஊர்ப் பஞ்சாயத்து எதுவும் செய்ய முடியாது. அடுத்து, அந்தச் சான்றிதழைக் காட்டி ஆதார். இதில் அவசரம் வேண்டாம். ஆதாரில் பேரை ஆயுளுக்கு இரண்டு தடவைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே தடவை. ஐந்து வயதுக்குப் பிறகு கைரேகையும் கண் பதிவும் புதுப்பித்தாக வேண்டும். இதுவரை செய்யாதவர்கள் அதையும் அதே நாளில் முடித்துவிடலாம். கடைசியில்தான் பள்ளிக்கூடம். இரண்டின் நகலோடு எச்.எம்.-மிடம் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் சேர்க்கைப் பதிவேட்டையும் எமிஸையும் (அரசின் இணையவழி மாணவர் பதிவு) சரிபார்க்கச் சொல்லலாம். இதெல்லாம் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) அச்சாவதற்கு முன்னால் முடிய வேண்டும். ஆறாம் வகுப்பில் அந்த டி.சி.யைப் பார்த்தே எழுதுவார்கள், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரைக்கும் அதே தப்பு போகும். அதற்குப் பிறகு பேரை மாற்ற வேண்டுமென்றால் அரசிதழ் வரை ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

டி.சி. கைக்கு வந்ததும் ஆபீஸ் ரூமை விட்டு வெளியே வருவதற்கு முன் வாசித்துவிடுங்கள். பேர், இனிஷியல், அப்பா பேர், பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும், சாதி, பயிற்று மொழி. கடைசியில் சொன்னதை யாரும் பார்ப்பதில்லை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறதே, அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்று சான்று கேட்கிறார்கள். ஒரு நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: டி.சி. கொடுத்த பள்ளி, எமிஸில் பிள்ளையைக் காமன் பூல் என்கிற பொதுப் பட்டியலுக்கு விடுவித்தால்தான் புதுப் பள்ளியில் ஏற்ற முடியும். "விட்டாச்சா டீச்சர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தால் ஜூனில் ஒரு நடை மிச்சம். பாக்கி ஃபீஸுக்காக டி.சி.யைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இலேயே சொல்லிவிட்டது. சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவில் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கு இது உதவும்.

ஆறாம் வகுப்புக்கு எங்கே? பையன் என்றால் பாளையங்கோட்டை சவேரியார், பெண் பிள்ளை என்றால் இஞ்ஞாசியார் கான்வென்ட் என்று கைக்குழந்தையாக இருக்கும்போதே முடிவு செய்துவிடுகிற வீடுகள் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் ஆறாம் வகுப்பு என்பது சலுகைக் கணக்கு தொடங்குகிற வகுப்பு, அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். கல்லூரிக்குப் போனபின் மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவர்களுக்கு. ஒரே வளாகத்தில் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவில் சேர்த்தால் அது போய்விடும். மருத்துவப் படிப்பில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிக்கு மட்டுமே. உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது, எவ்வளவு பேர்பெற்ற பள்ளியாக இருந்தாலும். பிள்ளையை டாக்டராக்கும் நினைப்பு இருக்கிற, கையில் காசு இல்லாத குடும்பம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம் என்பது என் கட்சி. பள்ளியில் அரசு தருகிற காலை உணவும் ஐந்தாம் வகுப்போடு சரி. ஊர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15-இலும் நகர்ப்புறத்தவற்றுக்கு 2025 ஆகஸ்டிலும் வந்த திட்டம் அது. ஜூனிலிருந்து ஏழு மணி பஸ்ஸுக்கு முன்னால் வீட்டில் இட்லி வெந்தாக வேண்டும்.

முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றுகிற அம்மாமார் நிறைய. மத்திய தொழிலாளர் நல உதவித்தொகை 1 முதல் 4 வரை ஆண்டுக்கு 1000 ரூபாய், 5 முதல் 8 வரை 1500. பீடித் தொழிலாளர் அடையாள அட்டையும், ஆறு மாதமாவது வேலை செய்த கணக்கும், மாத வருமானம் பத்தாயிரத்துக்குள் என்பதும் வேண்டும். விண்ணப்பம் பிறகுதான் திறக்கும், ஆனால் பிள்ளை பேரில் வங்கிக் கணக்கை லீவிலேயே தொடங்கிவிடுங்கள். பாஸ்புக் வாங்கும்போது ஆதார் நகல் கொடுத்ததோடு நிற்காமல், உதவித்தொகை வந்து விழுவதற்கான என்.பி.சி.ஐ. இணைப்பை (ஆதார் எண்ணை வைத்துப் பணம் இந்தக் கணக்குக்கு வரச் செய்வது) தனியாகக் கேளுங்கள். பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். சிறுபான்மையினர் ப்ரீமெட்ரிக் உதவித்தொகை 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 2022-23-ஆம் ஆண்டிலிருந்தே நின்றுபோய்விட்டது. எழுதிக் கொடுக்கிறேன் என்று யார் வந்தாலும் காசு கொடுக்காதீர்கள்.

புதுநன்மை, அதாவது பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்குகிற சடங்கு, பல பங்குகளில் (ஒரு கோயிலைச் சேர்ந்த சபைகளில்) மே மாதம். பள்ளி வேறு, பங்கு வேறு. பள்ளிக்கூட டைரியில் அந்தத் தேதி வரும் என்று காத்திருக்க வேண்டாம், உபதேசியாரையோ மறைக்கல்வி சிஸ்டரையோ ஏப்ரலிலேயே பாருங்கள். ஞானஸ்நானம் வேறு பங்கில் நடந்திருந்தால் அந்தப் பங்கின் சான்றிதழ் வேண்டும். ஞானஸ்நான நாள், பெற்றோர் பேர், ஞானப்பெற்றோர் பேர் தெரிந்தால்தான் பதிவேட்டில் தேட முடியும். "எட்டு வருஷத்துக்கு முந்தி, மழைக்காலம்" என்று போய் நின்றால் சாமியாருக்கும் கஷ்டம். செபங்களில் பிள்ளைகள் தடுமாறுவது விசுவாச அறிக்கையிலும் பாவத்துக்கு வருந்திச் சொல்கிற மனஸ்தாப செபத்திலும்தான். முதல் பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) நன்மைக்கு முன்னால் நடந்தாக வேண்டும், ஆகவே மனஸ்தாப செபத்தை முதலில் பழக்குங்கள். பூசைக்கு அல்ல, நன்மை வாங்குவதற்கு முந்திய ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், குடிக்கக் கொடுங்கள். வெயிலில் நாக்கு வறண்டு அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிள்ளை விரலை வாய்க்குள் விடுவது வருஷா வருஷம் நடக்கிறது. மந்திரிக்காத அப்பத்தை வைத்து இரண்டு தடவை பழக்கச் சொல்லி சிஸ்டரிடம் கேட்கலாம். நைலான் நெட் முக்காடு வேண்டவே வேண்டாம், கையில் மெழுகுதிரி இருக்கிறது. பருத்தித் துணி போதும், திரிக்கு அடியில் அட்டை வட்டம் ஒன்று செருகிவிடுங்கள்.

கடைக்குட்டியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறவர்களுக்கு: ஜூலை 31-க்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். வேற்று மதத்துப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கட்டாயமில்லை, பெற்றோர் சம்மதம் இல்லாமல் உட்கார வைக்கவும் கூடாது. பிறப்புச் சான்றிதழில் பேர் இருக்கிறதா என்று இப்போதே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.