பதினொன்றாம் தேதி இரவுகள்

ஒரு காலத்தில் என் போனில் 600க்கும் மேற்பட்ட ஏ.ஆர்.என் படங்கள் இருந்தன. ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஃபைல் செய்து முடித்ததும் திரையில் ஓர் ஒப்புகை எண் வருமே, அதுதான். மெயிலுக்கும் தானாகவே வந்துவிடும். இருந்தாலும் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்வேன். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் போனைத் திறந்து, இந்தக் கம்பெனிக்கு நிஜமாகவே ஃபைல் செய்தேனா, மாதம் சரியாகப் போட்டேனா என்று பார்ப்பதற்காக. மகளின் பிறந்தநாள் படத்தைத் தேடினால் அதற்கு முன்னும் பின்னும் எண்களாகவே வரும்.

திருப்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். நாற்பது கணக்குகள் என் பொறுப்பு. பனியன் கம்பெனிகள், நூல் வியாபாரிகள், ஜாப் ஒர்க் யூனிட்டுகள், இரண்டு மூன்று மளிகை மொத்த வியாபாரம். மாதாமாதம் ஃபைல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் போக வேண்டும், அதை ஆர்-1 என்போம். 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டி 3பி போட வேண்டும். 3பி ஒருமுறை போய்விட்டால் திருத்தி அனுப்ப வழியில்லை. அந்த ஒரு விஷயம்தான் என் மனதில் ஆணியாக இறங்கியிருந்தது. திருத்த முடியாது, திருத்த முடியாது.

சார் புதிதாக வரும் பார்ட்டிகளிடம் என்னைக் காட்டி, "இந்தம்மா கை வெச்சா தப்பே இருக்காதுங்க" என்பார். ஆரம்பத்தில் அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். நாலைந்து வருடத்தில் அந்தச் சொல்லே சுமையாகிவிட்டது. தப்பே செய்யாதவள் என்று பெயர் வாங்கியவளுக்கு முதல் தப்பைச் செய்ய இடமே இல்லை. மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் கணக்கை நான் மூன்று மணி நேரம் பார்த்தேன். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பார்ப்பேன், எக்செல்லில் பார்ப்பேன், பிறகு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து வருவேன். க்ளையண்டுக்கு நாலு வரி மெயில் அனுப்புவதற்கு முன் பன்னிரண்டு முறை படிப்பேன். அனுப்பிய பிறகும் 'சென்ட்' பெட்டியைத் திறந்து படிப்பேன்.

இது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அப்பாவின் ஞாபகம்தான் வரும். அவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தார். ஒருநாள் ரொக்கத்தில் 1,100 ரூபாய் குறைந்தது. நோட்டை வீட்டுக்கே கொண்டு வந்து, என்னை உட்கார வைத்து எண்களை வாசிக்கச் சொல்லி, விடிய விடியக் கூட்டிக்கொண்டிருந்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. கைக்காசைப் போட்டுக் கட்டினார். அப்புறம் ஒரு மாதம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. எங்கேயோ ஒரு எண்ணை நான் தவறாக வாசித்துவிட்டேனோ என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

2023 ஆகஸ்டில் அந்த முதல் தப்பு நடந்தது. ஒரு பனியன் கம்பெனியின் ஜூலை மாத விற்பனை. கிட்டத்தட்ட ஒரே பெயரில் அவர்களுக்கு இரண்டு பார்ட்டிகள், ஒருவர் ஈரோடு, ஒருவர் கரூர். ஈரோட்டுக்குப் போன 2,36,000 ரூபாய் பில்லை நான் கரூர்க்காரரின் ஜிஎஸ்டி நம்பரில் ஏற்றிவிட்டேன். வாங்கியவர் எந்தெந்த பில்லின் வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று மாதாமாதம் வரும் பட்டியல்தான் 2பி. 14ஆம் தேதி ஈரோட்டுக்காரருக்கு அது வந்தபோது அந்த பில் அதில் இல்லை. அவருக்கு வர வேண்டிய 11,800 ரூபாய் வரவு அந்த மாதம் கிடைக்காது. 17ஆம் தேதி க்ளையண்ட் போன் செய்தார். "ஏனுங்கம்மா, பார்ட்டி பணத்தையே நிறுத்திப் போட்டானுங்க. நீங்க பார்த்தும் இப்படி ஆயிருச்சுங்களே?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்க பார்த்தும்" என்ற இரண்டு சொல்தான் எனக்குள் நின்றுவிட்டது.

சார் என்னைத் திட்டவில்லை. "அடுத்த மாச ஆர்-1ல அமெண்ட்மெண்ட் போட்டுக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தார். உண்மையும் அதுதான். 3பியைத்தான் திருத்த முடியாது. ஆர்-1ல் போன தவறான பில்லை அடுத்த மாத ஆர்-1ல் 9ஏ என்ற அட்டவணையில் திருத்திக்கொள்ளலாம். ஒரு நிதியாண்டின் தவறுகளைச் சரிசெய்ய, அந்த ஆண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 வரை அவகாசம் இருக்கிறது. இரண்டு பார்ட்டியும் தமிழ்நாடு என்பதால் எங்கள் க்ளையண்டின் வரியில் ஒரு ரூபாய் மாறவில்லை. ஈரோட்டுக்காரருக்கு வரவு ஒரு மாதம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள். எனக்கு என்று வந்தபோது ஒன்றுகூட உதவவில்லை. சோறு இறங்கவில்லை. ஆபீஸ் படியேறும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். போன் மணி அடித்தால் கை சில்லிட்டுப் போகும். பழைய மாதங்களையெல்லாம் திறந்து முதலிலிருந்து சரிபார்க்க ஆரம்பித்தேன். 2019 வரை போய்விட்டேன். வீட்டுக்காரர் "ஃப்ரீயா விடு" என்றார். கூட வேலை செய்பவர்களும் அதையேதான் சொன்னார்கள். யாராவது இந்த நிலையில் இருந்தால் தயவுசெய்து அவர்களிடம் அதைச் சொல்லாதீர்கள். விட முடிந்தால் விட்டிருக்க மாட்டோமா?

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு 14416க்கு போன் செய்தேன். டெலி மனஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எடுத்தவரிடம், "ஒரு பில்லைத் தவறாகப் போட்டுவிட்டேன்" என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் பேச முடியாமல் அழுதேன். அவர் அவசரப்படுத்தவில்லை. எத்தனை நாளாகத் தூக்கமில்லை என்று கேட்டார், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் நாளைக்கே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள் என்றார். போனேன். மருத்துவர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார், ஏழு மாதம் சாப்பிட்டேன். மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் வேண்டும் என்று சொல்லி ஒரு உளவியலாளரிடம் அனுப்பினார்.

முதல் இரண்டு சந்திப்பில் அந்த அம்மா கேள்வி மட்டும்தான் கேட்டார். ஒரு கணக்கை எத்தனை முறை சரிபார்ப்பீர்கள்? அப்படிப் பார்த்ததில் மூன்றாவது முறைக்கு மேல் எத்தனை தவறு கண்டுபிடித்திருக்கிறீர்கள்? நான் நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். மூன்று வாரத்தில் 31 கணக்குகள். முதல் முறை பார்த்ததில் ஆறு தவறு கிடைத்தது, இரண்டாவதில் ஒன்று. அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. ஆனால் என் நேரமெல்லாம் அந்த மூன்றாவது முறைக்கு மேல்தான் போயிருந்தது.

அப்போது அவர் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். 2003இல் நெதர்லாந்தில் செய்தது. மாணவர்களிடம் கணினித் திரையில் வரைந்த ஒரு கேஸ் அடுப்பைக் கொடுத்து, அணைத்தாயிற்றா என்று திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைத்திருக்கிறார்கள். நிறைய முறை பார்த்தவர்களின் ஞாபகம் உண்மையில் தப்பாக இல்லை. ஆனால் அந்த ஞாபகத்தின் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை குறைந்துபோயிருந்தது, காட்சி மனதில் மங்கலாகியிருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை வருடமாக, எனக்குச் சந்தேகம் வருவதால் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன். பார்க்கப் பார்க்கத்தான் சந்தேகம் வளர்ந்திருக்கிறது.

அதற்குப் பிறகு கொடுத்த பயிற்சிகள் சுலபமாக இல்லை. ஏ.ஆர்.என் படம் எடுக்கக் கூடாது என்பதுதான் முதல். அனுப்பிய மெயிலைத் திறந்து படிக்கக் கூடாது. ஒரு கணக்குக்கு ஒரு தாள், அதில் பார்க்க வேண்டியவை மட்டும்: மொத்தம் டேலியோடு ஒத்துப்போகிறதா, பெரிய பில்களின் ஜிஎஸ்டி நம்பர் பார்ட்டியோடு ஒத்துப்போகிறதா, கிரெடிட் நோட் விடுபடவில்லையே. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு டிக். எல்லாம் விழுந்ததும் ஃபைல். மறுபடி திறக்கக் கூடாது. திறக்க வேண்டும் என்று கை பரபரக்கும்போது, பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுத வேண்டும்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 2023 அக்டோபர் 11, மாலை 6:40க்கு 80. 6:50க்கு 85. 7:00க்கு 90. அந்த இடத்தில் பேனா அழுந்திக் காகிதம் கிழிந்திருக்கிறது. 7:30க்கு 70. 8:20க்கு 45. பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியதால் கடைசி எண் கோணலாக இருக்கிறது. நான் எதையும் செய்யாமலேயே அது இறங்கியது. சரிபார்த்தால்தான் இறங்கும் என்று அவ்வளவு உறுதியாக நம்பியிருந்தேன்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது, தெரிந்தே ஒரு சின்னப் பிழையை விட வேண்டும் என்றது. க்ளையண்டுக்குப் போகும் எதிலும் இல்லை, ஆபீஸுக்குள் சுற்றும் தாளில். ஒரு எக்செல்லில் தலைப்பில் ஓர் எழுத்தைத் தப்பாக விட்டு சாருக்கு அனுப்பினேன். அதற்கு முன், என்ன நடக்கும் என்று எழுதி வைக்கச் சொல்லியிருந்தார் உளவியலாளர். "சார் கூப்பிட்டு என்னாச்சும்மா உனக்கு என்று கேட்பார், இனிமேல் என்னை நம்ப மாட்டார்" என்று எழுதியிருந்தேன். சார் கவனிக்கவேயில்லை. அடுத்த வாரம் இன்னொரு தாளில் விட்டேன். அதைக் கவனித்தார். பேனாவால் திருத்திவிட்டு, மதியம் வரும் பார்ட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

நடுவில் பின்னுக்கும் போனேன். டிசம்பரில் ஆண்டுக் கணக்கு வேலை குவிந்தபோது பழையபடி படம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு வாரத்தில் முப்பது படம். வெட்கப்பட்டு அந்த மாதச் சந்திப்புக்கே போகவில்லை. சிகிச்சையையும் தப்பில்லாமல் முடிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன் என்பது ஜனவரியில் போய் உட்கார்ந்து பேசியபோதுதான் புரிந்தது.

அந்தச் சமயத்தில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் முதல்முறையாக இதையெல்லாம் சொன்னேன். 1,100 ரூபாய் ராத்திரியைப் பற்றியும் கேட்டேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை. "எத்தனையோ தடவை குறையும் கண்ணு, எதைன்னு ஞாபகம் வெச்சுக்கறது" என்றார். பிறகு, சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததையே திரும்பவும் சொன்னார்: வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பார், மீதியில்லாமல் போனால் எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். 54ஐ 45 என்று எழுதினால் 9 குறையும், 5,400ஐ 4,500 என்று எழுதினால் 900 குறையும். கணக்கு எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த வழிதான். அன்றைக்கு அது வேறு மாதிரி கேட்டது. எத்தனை பேர், எத்தனை காலமாக, ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கவே தனியாக ஒரு வழி உண்டாகியிருக்கும்!

2024 ஜூனில் மறுபடி ஒரு தப்பு. 90,000 ரூபாய் பில் ஒன்று ஏப்ரல் கணக்கில் விடுபட்டிருந்தது, மே மாதக் கணக்கைப் போடும்போது நானே கண்டுபிடித்தேன். வயிறு ஒருமுறை புரண்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, நேராக சாரிடம் சொன்னேன். அப்புறம் க்ளையண்டுக்கு நானே போன் செய்தேன். "ஏப்ரல் பில் ஒண்ணு என் கையில விடுபட்டிருச்சுங்க. இந்த மாசம் சேர்த்துடறேன், கொஞ்சம் வட்டி வருங்க." 4,500 ரூபாய் வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம், ஒரு மாதத்துக்கு 67 ரூபாய் சொச்சம். அவர், "சரிங்கம்மா, கட்டிருங்க" என்றார். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம். முந்தைய தப்புக்கு நான் கொடுத்தது ஒரு மாதத் தூக்கம்.

ஆபீஸிலும் ஒன்றை மாற்றச் சொல்லிக் கேட்டேன். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பில்களின் ஜிஎஸ்டி நம்பரை, போட்டவர் தவிர வேறொருவர் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று. சார் உடனே ஒத்துக்கொண்டார். ஒருத்தியே பத்து முறை பார்ப்பதைவிட இரண்டு பேர் ஒவ்வொரு முறை பார்ப்பது எவ்வளவோ மேல். அதோடு, க்ளையண்டுகளிடம் அந்தப் பழைய வாசகத்தைச் சொல்ல வேண்டாம் சார் என்றும் கேட்டுக்கொண்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை, பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். போன மாதம் புதிய பார்ட்டி ஒருவரிடம், "ஏதாவது மாறியிருந்தா இந்தம்மாவே கூப்பிட்டுச் சொல்லிருவாங்க" என்று அறிமுகப்படுத்தினார்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி, "அக்கா, ஒருவாட்டி பார்த்துடறீங்களா" என்று ஒரே கணக்கோடு நாலு தடவை வந்து நிற்கிறாள். முதல் தடவை பார்த்துக் கொடுக்கிறேன். இரண்டாவது தடவை பக்கத்தில் உட்காரச் சொல்லி, எது பயமாக இருக்கிறது என்று கேட்கிறேன்.

இந்த மாதம் 11ஆம் தேதி கடைசி ஃபைல் போகும்போது மாலை மணி ஐந்தே முக்கால். படம் எடுக்கவில்லை. ராத்திரி விழிப்பு வந்தது, அது இன்னும் வருகிறது. போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. இருட்டில் மகளின் போர்வையை இழுத்துவிட்டேன், கொஞ்ச நேரம் மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மணி என்ன என்று பார்க்கவில்லை.