பதினெட்டு அடிப் படகும் பெயர் மாறும் கப்பலும்

போன கிழமை அக்காவின் மகன் வந்து போனை நீட்டினான். "மாமா, இந்தக் கப்பலை ஒருக்கா பாருங்கோ." ஏஜென்ட் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி. எண்ணெய்க் கப்பல், அமீரகத்தின் புஜைராவில் போய் ஏற வேண்டும், சம்பளம் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு, ஒப்பந்தக் கடுதாசி ஏறின பிறகு தருவார்களாம். பிள்ளை சி.டி.சி. என்ற மாலுமிப் புத்தகம் எடுத்து இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறான், இடையிடையே தகப்பனோடு திருகோணமலையின் திருக்கடலூரில் இருந்து கடலுக்குப் போய் வருகிறான். அவனுக்கு அந்த ஒன்றரை மடங்குதான் கண்ணில் தெரியும், வேறென்ன தெரியும்?

நான் இருபது வருஷத்துக்கு மேல் துறைமுகப் பக்கம் கப்பல் கடுதாசிகளோடு காலம் தள்ளியவன். "பெயரை விடு, ஐ.எம்.ஓ. நம்பரைக் கேள்" என்றேன். கப்பலுக்குப் பெயர் சட்டை மாதிரி, எப்போது வேண்டுமென்றாலும் மாற்றலாம். அந்த 7 இலக்க நம்பர் கட்டும்போது கொடுப்பது, உடைக்கும் வரைக்கும் ஒன்றேதான். நம்பர் வந்தது. தட்டிப் பார்த்தால் வயது இருபதுக்கு மேல், மூன்று வருஷத்துக்குள் நாலு பெயர், மூன்று கொடி, அதாவது கப்பலைப் பதிந்த நாடு. "இது ரஷ்ய எண்ணெய் ஓட்டுற கப்பலடா" என்றேன். "அப்ப சண்டை நடக்கிற இடத்துக்கே போகும்?" என்று கேட்டான். பயம் கொஞ்சம், ஆசை கொஞ்சம். அன்றிரவு வாசலில் இருந்து கதைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், ஒழுங்காக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் வயதுப் பிள்ளைகளுக்கு உக்ரைன் போரின் கடல் பகுதி என்றால் வீடியோதான். கறுப்பு வெள்ளையில், தண்ணீர் மட்டத்தோடு ஏதோ ஒன்று ஓடும், எதிரே ஒரு கப்பலின் பக்கச் சுவர் பெரிதாகிக்கொண்டே வரும், பிறகு படம் நின்றுவிடும். 2024 பெப்ரவரி 1 அன்று 'இவனோவெட்ஸ்' என்ற ஏவுகணைக் கப்பல் அப்படிப் போனது. 14ஆம் தேதி 'சீசர் குனிகோவ்', 112 மீட்டர் நீளமான தரையிறக்கும் கப்பல். மார்ச் 5 அன்று 'செர்கேய் கோட்டோவ்'. ஐந்து கிழமைக்குள் மூன்று. அடித்தது மகுரா வி5 என்ற ஆளில்லாப் படகு, நீளம் 5.5 மீட்டர், சுமக்கும் வெடிமருந்து சுமார் 320 கிலோ.

அத்தான் பக்கத்தில் இருந்து வலை தைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "5.5 மீட்டர் என்றால் எங்கட 18 அடி போட் தானே." ஆமாம், அதேதான். ஆறரை மூட்டை சீமெந்து ஏற்றின பைபர் போட். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஊசியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் அந்த வயது ஆட்களுக்கு இது புதுக் கதை இல்லை. 1995 ஏப்ரல் 19 அதிகாலை இந்தத் துறைமுகத்துக்குள்ளேயே 'சூரய', 'ரணசுரு' என்ற இரண்டு கடற்படைப் படகுகளைப் புலிகள் வெடிக்க வைத்து மூழ்கடித்தார்கள், அத்தோடு சமாதானப் பேச்சும் மூழ்கியது. அதன் பிறகு மீன்பிடிக்கப் பாஸ், நேரக் கட்டுப்பாடு, கரையில் சோதனை, எல்லாம் அத்தான் வீட்டுச் சோற்றில்தான் விழுந்தது. பின்னாளில் கடற்படையும் பெரிய கப்பலை நம்பாமல் சின்னப் படகுகளைக் கூட்டம் கூட்டமாக இறக்கியது. புலிகளின் வெடிமருந்துப் படகுக்குள் ஆள் இருந்தது, மகுராவுக்குள் ஆள் இல்லை. நான் அந்த வீடியோக்களைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் மனசுக்கு வருவது அதுதான், கெட்டித்தனம் எல்லாம் இரண்டாவது.

சரி, கருங்கடலுக்கு வருவோம். ரஷ்யாவின் பெரிய இழப்பு படகால் வந்ததில்லை. 2022 ஏப்ரல் 13 அன்று 'மாஸ்க்வா' என்ற முதன்மைக் கப்பலை இரண்டு நெப்டியூன் ஏவுகணைகள் அடித்தன, அடுத்த நாள் மூழ்கியது. 186 மீட்டர் கப்பல். தீப்பிடித்தது, இழுத்துப் போகும்போது கடல் கொந்தளித்தது என்று ரஷ்யா சொன்னது. கட்டிய இடம் எது தெரியுமா? உக்ரைனின் மைக்கோலாயிவ். தான் பெற்ற பிள்ளையைத் தானே தாட்ட மாதிரி. உக்ரைன்காரர் அதோடு விடவில்லை, அந்தச் சிதைவைத் தங்கள் நீரடிப் பண்பாட்டுச் சொத்து என்று பதிந்தும் வைத்தார்கள், இந்த நக்கல் எனக்குப் பிடிக்கும்.

அதற்கு முன்பே, மார்ச் 24 அன்று பெர்டியான்ஸ்க் துறைமுகத்தில் 'சராத்தோவ்' எரிந்தது. 2023 செப்டம்பர் 13 அன்று கிரிமியாவின் செவஸ்தபோல் உலர்தளத்தில் 'மின்ஸ்க்' கப்பலும் 'ரஸ்தோவ்-நா-தனு' நீர்மூழ்கியும் சேர்ந்தே அடிவாங்கின. அந்த வருஷக் கடைசியில், டிசம்பர் 26, ஃபெடோசியாவில் 'நோவோசெர்காஸ்க்'. கருங்கடல் படையில் மூன்றில் ஒரு பங்கைச் செயலிழக்க வைத்தோம் என்பது உக்ரைனின் கணக்கு. போனதற்குப் பதிலாக வேறு கடலில் இருந்து கப்பல் கொண்டுவர ரஷ்யாவால் முடியவில்லை, ஏனென்றால் 1936 மொன்ட்ரோ உடன்படிக்கையைக் காட்டித் துருக்கி 2022 பெப்ரவரிக் கடைசியிலேயே கருங்கடலுக்குள் வரும் நீரிணைகளைப் போர்க்கப்பல்களுக்கு அடைத்துவிட்டது. குளத்தில் மாட்டின மீன். மிச்சத்தில் பெரும்பகுதி செவஸ்தபோலை விட்டு ரஷ்யக் கரையில் இருக்கும் நோவொரோசிஸ்க் பக்கம் ஒதுங்கியது.

இத்தனைக்கும் உக்ரைனிடம் கடற்படை என்று சொல்ல ஒன்றும் இல்லை. இருந்த ஒரே பெரிய கப்பலான 'ஹெட்மன் சஹாய்தாச்னி'யை எதிரி கையில் விழக்கூடாது என்று போர் தொடங்கின கையோடு தாங்களே மூழ்கடித்தவர்கள் அவர்கள். 2023 ஜூலையில் தானிய உடன்பாட்டை ரஷ்யா முறித்த பிறகும் ருமேனியா, பல்கேரியா கரையோரமாகத் தங்கள் பாதையைத் திறந்து தானியத்தை அனுப்பினார்கள். கடல் அவ்வளவு தூரம் கைமாறிவிட்டது. சீனக்குடா மாவு ஆலையைப் பார்த்து வளர்ந்த ஊர் எங்களது, கோதுமைக் கப்பல் ஓடுகிறதா இல்லையா என்பது பாணின் விலையில் தெரியும்.

"அப்ப ரஷ்யா தோத்திட்டுதே?" என்றான் மருமகன். கடலில் போர்க்கப்பல் கணக்கில் என்றால் ஆமாம் என்று சொல்லலாம். ஆனால் போரை ஓட்டும் காசு வேறு கப்பலில் ஓடுகிறது. நீ ஏறப்போகும் கப்பலில்.

2022 டிசம்பர் 5 அன்று ஜி7 நாடுகள் ரஷ்ய மசகு எண்ணெய்க்கு, அதாவது சுத்திகரிக்காத எண்ணெய்க்கு, ஒரு பீப்பாய் 60 டொலர் என்று உச்சவரம்பு வைத்தன. அதற்கு மேல் விற்றால் மேற்கத்தியக் கப்பலும் கிடையாது, காப்புறுதியும் கிடையாது. உலகத்துக் கப்பல்களில் பத்தில் ஒன்பது பங்குக்குக் காப்புறுதி கொடுப்பது கப்பல் முதலாளிமார் கூட்டாக நடத்தும் ஒரு டசின் பி அண்ட் ஐ கிளப்புகள்தான், அந்தக் கழுத்தைப் பிடித்தால் போதும் என்று நினைத்தார்கள். கெட்டிக்கார யோசனைதான், ஆனால் கள்ளனுக்கு வழியா இல்லை? அலங்கிலோ சிட்டகொங்கிலோ உடைக்கப் போக வேண்டிய பழைய டாங்கர்களை யாரோ வாங்கத் தொடங்கினார்கள். யார் என்று கேட்டால் ஒரு கம்பெனி, அந்தக் கம்பெனிக்கு இருப்பது இந்த ஒரு கப்பல்தான், விலாசம் ஏதோ ஒரு தீவில் தபால் பெட்டி. கொடி கபோன், காம்பியா, குக் தீவுகள், கொமொரோஸ் என்று மாறும். கடலே இல்லாத எஸ்வாத்தினியின் கொடியைக் கூடப் போலிப் பதிவாளர்கள் விற்றிருக்கிறார்கள், மூதூர்க்காரனுக்கு மலைரயில் டிக்கெட் விற்ற கதை. இருக்கும் இடத்தைச் சொல்லும் ஏ.ஐ.எஸ். கருவியை அணைப்பார்கள், அல்லது வேறெங்கோ நிற்பதாகப் பொய் சொல்ல வைப்பார்கள். கிரேக்கத்தின் லக்கோனியா குடாவிலோ மலேசியாவுக்கு வெளியிலோ கப்பலுக்குக் கப்பல் எண்ணெய் மாற்றியிருக்கிறார்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு கப்பலின் கடுதாசியில் முத்திரை கொஞ்சம் மங்கலாக இருந்தாலே அரை நாள் இழுத்தடிப்பார்கள், இப்போது முத்திரையே இல்லாத கப்பல் உலகம் சுற்றுகிறது.

ஒரு கப்பலின் சாதகத்தை மட்டும் சொல்கிறேன். 2025 ஏப்ரலில் எஸ்தோனியா 'கிவாலா' என்ற டாங்கரை மறித்தது, அதற்குச் செல்லுபடியான கொடியே இல்லை. விட்டார்கள். செப்டம்பர்க் கடைசியில் அதே கப்பலைப் பிரெஞ்சுப் படையினர் பிரான்சின் மேற்குக் கரையில் ஏறிப் பிடித்தபோது பெயர் 'பொராகே', கொடி பெனின் என்றார்கள், அதுவும் பொய். இன்னொரு பெயர் 'புஷ்பா'வாம். ரஷ்யாவின் பிரிமோர்ஸ்க்கில் ஏற்றின எண்ணெய், போக வேண்டிய இடம் குஜராத்தின் வாடினார். இந்தியா போருக்கு முன் ரஷ்யாவிடம் வாங்கியது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை, பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது. அதில் மேற்குப் பக்கத்தால் வந்து கிழக்குக் கரைக்கு, பரதீப்புக்கோ விசாகப்பட்டினத்துக்கோ போகிறதெல்லாம் தெய்வேந்திரமுனையைச் சுற்றி எங்கள் கிழக்குக் கடலால்தான் மேலே ஏற வேண்டும்.

இந்தியாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2022 மே மாதம் சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தை மறுபடி ஓட்ட நாங்களே 90,000 தொன் ரஷ்ய எண்ணெய் வாங்கினோம். டொலர் இல்லாமல் அந்தக் கப்பல் ஒரு மாதத்துக்கு மேல் கொழும்புக்கு வெளியே நின்றது. அப்போது உச்சவரம்பும் இல்லை, தவறும் இல்லை. 99 எண்ணெய்த் தாங்கி இருக்கிற ஊரில் இருந்துகொண்டு நான் ஐந்து லீற்றர் பெற்றோலுக்கு இரவிரவாக செட் வாசலில் படுத்துக் கிடந்தேன், அந்த நேரம் யாராவது வந்து இது எந்த நாட்டு எண்ணெய் என்று கேட்டிருந்தால் கல்லால் அடித்திருப்பேன்.

எனக்கு உறுத்துவது வேறு. 2020 செப்டம்பர் 3 அன்று 'நியூ டயமண்ட்' என்ற டாங்கர் சங்கமன்கண்டிக்கு நேரே தீப்பிடித்தது நினைவிருக்கும். குவைத்தில் இருந்து பரதீப்புக்கு 270,000 தொன் மசகு எண்ணெய். ஒரு பிலிப்பைன் மாலுமி செத்துப்போனார். நல்ல காலம், சரக்குத் தாங்கிகள் தாங்கின. அந்தக் கிழமை முழுக்க அத்தான் காற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கச்சான் அடிக்கிற காலம் என்பதால் வெளியே தள்ளும், இதுவே வாடையாக இருந்தால் நிலாவெளி மண் கறுத்திருக்கும் என்று. வாடைக்காலத்தில் வங்காள விரிகுடாவில் விட்டது எதுவும் எங்கள் கரைக்குத்தான் வரும், 2024 டிசம்பரில் ரோஹிங்கியா மக்களின் படகு முல்லைத்தீவில் வந்து சேரவில்லையா? ஆனால் நியூ டயமண்டுக்கு ஒரு கிரேக்க முதலாளி இருந்தார், காப்புறுதி இருந்தது, கப்டனைக் கொழும்பு நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். 2021இல் மூழ்கின 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பலுக்கு 100 கோடி டொலர் கட்டச் சொல்லி 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது. காசு கைக்கு வருமோ இல்லையோ, கேட்பதற்கு ஒரு கதவு இருக்கிறது. புஷ்பா போன்ற ஒன்று எங்கள் கடலில் எரிந்தால் எந்தக் கதவைத் தட்டுவது, அந்தத் தபால் பெட்டியையா?

நடக்காத விஷயத்தைப் பேசவில்லை. 2025 ஜனவரியில் 'ஈவென்டின்' என்ற கப்பல் கிட்டத்தட்ட ஒரு லட்சம் தொன் எண்ணெயோடு எஞ்சின் நின்று ஜெர்மனியின் ரூகன் தீவுக்குப் பக்கத்தில் மிதந்தது. அவர்களிடம் இழுவைக் கப்பல் இருந்தது, இழுத்தார்கள், பிறகு பறிமுதலும் செய்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு கெர்ச் நீரிணையில் ரஷ்யாவின் இரண்டு 'வொல்கோநெஃப்ட்' டாங்கர்கள் புயலில் சிக்கி உடைந்தன. இரண்டுக்கும் வயது ஐம்பதுக்கு மேல், ஆற்றில் ஓடக் கட்டின கப்பல்கள். அனாபா கடற்கரையில் பறவைகள் தாரில் முக்கினது போல் கிடந்தன.

இனி மருமகனின் கேள்விக்கு, சண்டை நடக்கிற இடத்துக்குப் போகுமா என்று. 2025 நவம்பர் 28, 29, டிட்வா புயல் எங்களைப் புரட்டிப் போட்ட அதே நாட்கள், கரண்ட் இல்லாததால் எனக்குப் பிந்தித்தான் தெரியும். துருக்கிக்கு அருகே கருங்கடலில் 'கைரோஸ்', 'விராட்' என்ற இரண்டு டாங்கர்களை உக்ரைனின் 'சீ பேபி' கடல் ட்ரோன்கள் அடித்தன. காம்பியா கொடி, நோவொரோசிஸ்க்குக்கு எண்ணெய் ஏற்ற வெறுமையாகப் போனவை. போர்க்கப்பலைத் தேடின அதே மாதிரிப் படகு இப்போது எண்ணெய்க் கப்பலைத் தேடுகிறது. ஆட்கள் தப்பினார்கள். அந்த வீடியோவிலும் கப்பலின் பக்கச் சுவர் பெரிதாகிக்கொண்டே வரும், எஞ்சின் அறைப் பக்கம். இவன் படித்தது எஞ்சின் பகுதிக்கு.

அதை நான் அவனிடம் சொல்லும்போது அக்கா கதவோரம் நின்றதைக் கவனிக்கவில்லை. அவ ஒன்றும் கேட்கவில்லை, தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா.

போகாதே என்று நான் சொல்லவில்லை, சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, அவனுக்கு வேலை எடுத்துத் தர என்னால் முடியுமா? காப்புறுதி யார், கொடி நாட்டின் சான்றிதழ் எங்கே, சம்பளம் நின்றால் யாரிடம் கேட்பது, இந்த மூன்றையும் ஏஜென்டிடம் எழுதிக் கேள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான், இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

நேற்று விடியக் கரைக்குப் போனேன். அத்தானும் அவனும் போட்டில் வலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பதில் போட்டாரா?"

"ரெண்டு நீல டிக், மாமா" என்றான். பிறகு எஞ்சின் கயிற்றை இழுத்தான்.